யார்டில் வேலை பார்த்த பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூட்ஸ் ஷெட்டிலும், ஷண்டிங் லைனிலும், கேபினிலும், சரக்கு மாற்றும் மேடையிலும் உங்கள் வாலிபத்தைச் செலவழித்துவிட்டு இப்போது வீட்டோடு ஓய்ந்திருக்கும் ரயில்வே பெரியோர்களே,

இம்மடலோடு அச்சாகியிருக்கும் புகைப்படத்தை, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துவிட்டு அப்புறம் மேற்கொண்டு வாசிக்கும்படி உங்களை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. நான் கீழே விஸ்தாரமாக எழுதப்போகும் யுக்திகளை வாசித்தபின் அதைப் பார்ப்பீர்களானால், உங்கள் கண்ணுக்கும் படத்துக்கும் நடுவே என்னுடைய அபிப்பிராயம் வந்து நின்றுகொள்ளும்; ஊர்ப்பெயர் உங்கள் ஞாபகத்திலிருந்து தானாக எழாமல் என் வாக்கிலிருந்து உங்கள் வாக்குக்குத் தாவிவிடும்; அப்படிக் கிடைக்கும் சாட்சியம் எந்த வழக்கிலும் நிற்காது. பார்த்தவுடன் ஏதேனும் ஓர் ஊர் மனத்தில் தோன்றினால், அதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துவிட்டு என்னோடு வாருங்கள்.

பார்த்தாயிற்று என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். நடுவில் மண்ணடித்துக் கருங்கல் விளிம்பு கட்டிய நீண்ட மேடை. அதன் இடப்பக்கம் மீட்டர் கேஜ் வேகன்களின் வரிசை, வலப்பக்கம் பிராட் கேஜ் வேகன்களின் வரிசை. சிறிய பாதையைச் சற்றே உயர்த்திப் போட்டிருப்பதால் இரண்டு வகை வேகன்களின் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் மேடையோடு சேர்கின்றன. ஒரு வேகனின் கதவிலிருந்து மேடைக்குப் பலகை போட்டிருக்கிறது. அந்தப் பலகையின் நடுப்பாகம் பாதம் பட்டுப் பட்டுத் தேய்ந்து விளிம்பைவிட வெளுத்திருப்பது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிறது. நாலைந்து பேர் வைக்கோல் மூடிய கூடைகளைச் சுமந்து போகிறார்கள். கறுப்புக் கோட்டும் வேஷ்டியும் அணிந்த ஒருவர் கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார். எல்லோரும் வேலையில் குனிந்திருக்க, சும்மாடு கட்டிய ஒரு பெண்மணி மட்டும் நின்று, புகைப்படக்காரரை நேருக்கு நேராக, கொஞ்சம் கோபத்தோடு என்றே சொல்லலாம், பார்க்கிறாள். வேகன்களுக்கு அப்பால் வெண்மையான ஒரு குவியல். அதற்கும் அப்பால் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க் கம்பம். கோடியில், இடமிருந்து வலமாக நீண்டு, நடுவே ஒரு பள்ளம் விழுந்த மலை.

இந்தப் படம் பழைய பேப்பர் கடையில் ஓர் ஆல்பத்தோடு அகப்பட்டது. ஆல்பத்தின் சொந்தக்காரர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. படத்தின் முதுகில் பென்சிலால் ‘கூட்ஸ் யார்டு’ என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. எழுதியவருக்கு அது எந்த ஊர் யார்டு என்பதில் ஒருபோதும் சந்தேகம் வந்திராது. தம் வீட்டுக்கு விலாசம் எழுதி வைத்துக்கொள்பவர் யார்? ஆனால் அவர் காலத்துக்குப்பின் அந்தப் படத்துக்கு ஊரில்லாமல் போயிற்று. ஊரில்லாத படத்துக்கு ஊர் கற்பிக்கும் தைரியசாலிகளோ நம்மிடையே ஏராளம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வெளியீட்டில் இதே படம் ‘பழைய எழும்பூர்’ என்ற தலைப்போடு வந்தது. எழும்பூரில் மலை எங்கிருந்து முளைத்தது என்றோ, அந்நாளில் மீட்டர் பாதைக்கே உரியதாயிருந்த அந்த நிலையத்துக்கு பிராட் கேஜ் வேகன் எந்த வழியாக வந்தது என்றோ ஒருவரும் கேட்கவில்லை. வேறொருவர் ‘சேலம்’ என்றார். மற்றொருவர் ‘காட்பாடியேதான்’ என்று அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டால், இருவரிடத்திலும் பதில் ஒன்றே: பார்த்தால் அப்படித் தோன்றுகிறது. பார்த்தால் தோன்றுவது உங்களுக்கானால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மேடையில் ஒரு நாள்கூட நின்றிராதவர்களுக்குத் தோன்றுவதற்கு என்ன மதிப்பு?

உங்கள் பேரிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை மறைத்துவிட்டு உபசார வார்த்தை பேசுவது மரியாதையாகாது. உங்களில் சிலரை நேரிலே கண்டு இந்தப் படத்தைக் காட்டியபோது, ‘எங்களுக்கு என்ன சார் தெரியும், நாங்கள் மூட்டை எண்ணியவர்கள், எஞ்சின் டிரைவர்களைக் கேளுங்கள்’ என்று சொல்லிப் படத்தைத் திருப்பித் தந்துவிட்டீர்கள். இந்த அடக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியாததன்று. பத்திரிகைக்காரர்கள் உங்களைத் தேடி வந்ததெல்லாம் 1956 நவம்பர் மாதத்து அரியலூர் விபத்தைப் பற்றியும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைப் பற்றியும் கேட்பதற்குத்தான். ரயில் அபிமானிகள் தேடி வந்தது எஞ்சினின் நம்பருக்காக. சென்னையில் 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்திலும், திருச்சியில் 2014இல் திறந்ததிலும் எஞ்சின்கள் புது வர்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றன. நீலகிரி மலைப்பாதைக்கு 2005இல் யுனெஸ்கோவின் அங்கீகாரமே கிடைத்தது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் என்பது எங்கும் போகும் வஸ்து. இன்றைக்கு ஈரோட்டில் நிற்கும், நாளைக்கு விழுப்புரத்தில் நிற்கும். அதன் நம்பரைக் கொண்டு இடத்தை நிர்ணயிக்க முடியாது. யார்டு நகராது. அதன் ஒவ்வொரு பாயின்ட்டும், ஒவ்வொரு டெட் எண்டும், மழை பெய்தால் எந்த லைனில் தண்ணீர் தேங்கும் என்பதும் உங்கள் காலுக்குத் தெரிந்த விஷயங்கள். நெல்லைக் கையில் அள்ளியவுடனே ரகத்தைச் சொல்லும் குடியானவனைப் போல, இந்தப் படத்தைக் கண்டவுடனே ஊரைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. நீங்களே ‘எங்களுக்கு என்ன தெரியும்’ என்று கதவைச் சாத்திக்கொண்டால், எழும்பூரில் மலை முளைப்பதை யார் தடுப்பது?

அனுமானத்தைக் கொண்டு நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதை இனி உங்கள் முன் வைக்கிறேன். எங்கே வழி தவறியிருக்கிறேன் என்று சொல்லும் அதிகாரம் உங்களுடையது.

இரு கேஜ்களும் சந்திக்கும் இடம் என்பதில் சந்தேகமில்லை. படத்தில் தண்டவாளங்களின் இடைவெளியை அளந்து பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. வலப்பக்க வேகனின் முகத்தில் இரண்டு பஃபர்களும் நடுவே சங்கிலியும் இருக்க, இடப்பக்க வேகனுக்கு நடுவிலே ஒற்றை பஃபரும் அதோடு சேர்ந்த கொக்கியும் இருக்கின்றன. ஐந்தடி ஆறங்குலப் பாதைக்கும் மூன்றடி மூன்றே சொச்ச அங்குலப் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தை, நீங்கள் கையாண்ட அந்தக் கொக்கியே சொல்லிவிடுகிறது. 1870ஐ ஒட்டி, மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், செலவைக் குறைப்பதற்கென்று மீட்டர் பாதையை இந்நாட்டில் புகுத்த முடிவு செய்தார்களே, அன்றைக்கு மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மேடைகளில் கூலியாகவும், சேதமான சரக்குக்கு நஷ்ட ஈடாகவும் கொடுத்துத் தீர்த்தார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். அது நிற்க.

நம் பக்கத்தில் இவ்வாறு இரு பாதைகளும் கூடிய ஸ்தலங்கள் கைவிரல்களில் அடங்கும்: சென்னை, அரக்கோணம், காட்பாடி, சேலம், ஈரோடு, திருச்சி, போத்தனூர், மேட்டுப்பாளையம். இவற்றுள் சென்னையை மலை விலக்கிவிடுகிறது; அங்குள்ள சால்ட் கோட்டர்ஸ் யார்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படியொரு மலைவரிசை அகப்படாது. அரக்கோணத்துச் சமவெளிக்கும் இது பொருந்தவில்லை. மேட்டுப்பாளையமானால் நீலகிரி சுவர் எழுப்பினாற்போல் நெருங்கி உயர்ந்திருக்கும். படத்து மலை தூரத்தில் இருக்கிறது. ஈரோட்டையும் திருச்சியையும் பற்றி யோசிக்கும்போது ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். திருச்சி–ஈரோடு பாதை முதலில் பிராட் கேஜாகப் போடப்பட்டு, பிறகு மீட்டர் கேஜாகக் குறுகி, 1929 வாக்கில் மறுபடியும் பிராட் கேஜாக அகன்றது. ஆகவே அதற்கு முன்னால் ஈரோட்டில் நடந்த சரக்கு மாற்றும் வேலை அதற்குப் பின்னால் திருச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. படம் எந்த வருஷத்தது என்று தெரிந்தால் இவ்விரண்டில் ஒன்று தானே விலகும். திருச்சியைப் பொறுத்தவரையில், பொன்மலையையும் மலைக்கோட்டையையும் பார்த்துப் பழகியவர்கள் யாரும் இந்த நீண்ட மலைவரிசையை அங்கே கொண்டுபோய் வைக்க ஒப்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எஞ்சுவன, முக்கியமாக, காட்பாடியும் சேலமும் போத்தனூரும்.

அடுத்தது எழுத்து. வலக்கோடியில் பாதி தெரியும் பிராட் கேஜ் பிரேக் வேனின் பக்கவாட்டில் ‘எஸ்.ஐ.ஆர்.’ என்ற முதலெழுத்துக்கள் இருக்கின்றன. வேகன்களில் இந்த எழுத்தைக் கண்டு நான் பிரமாதப்படுத்தமாட்டேன். வேகன் என்பது ரயில்வேக்கு ரயில்வே கைமாறி ஊர் சுற்றும் ஜாதி. பிரேக் வேன் அவ்வளவு தாராளமாக அன்னிய எல்லைக்குள் திரிவதில்லை என்று உங்களவர்களிடமே கேட்டிருக்கிறேன். 1908இல் பழைய மதராஸ் ரயில்வேயைப் பங்கு போட்டபோது, ஜோலார்பேட்டைக்கு மேற்கே மங்களூர் வரைக்கும் உள்ள பிராட் கேஜ் பாதை எஸ்.ஐ.ஆர். என்னும் தென்னிந்திய ரயில்வே வசமாயிற்று. ஜோலார்பேட்டைக்குக் கிழக்கே உள்ளது எம்.எஸ்.எம். என்ற மற்றொரு கம்பெனி வசமாயிற்று. காட்பாடி கிழக்கே இருப்பது. சேலமும் போத்தனூரும் மேற்கே இருப்பவை. ஆகவே அந்தப் பிரேக் வேன் காட்பாடிக்கு விரோதமாகச் சாட்சி சொல்கிறது. 1951 ஏப்ரல் 14ஆம் தேதி இந்தக் கம்பெனிப் பெயர்களெல்லாம் தெற்கு ரயில்வே என்ற ஒரே பெயரில் ஐக்கியமாகிவிட்டன என்றாலும், பழைய எழுத்து மழையில் அழிந்து போகும்வரை சில வண்டிகளில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதால், படத்தின் வயதை இதைக்கொண்டு கண்டிப்பாக வரையறுக்க நான் துணியவில்லை.

இனி வருவதுதான் விவாதத்தின் சாரம். காட்பாடி என்று வாதிக்கும் அன்பர், நிழலை ஆதாரமாகக் காட்டுகிறார். படத்தில் மனிதர்களின் நிழல் மிகக் குறுகியிருக்கிறது. ஆகவே ஏறக்குறைய உச்சிவேளை. நிழல்கள் படமெடுத்தவரை நோக்கி விழுகின்றன. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நாடு நம்முடையதாகையால் நடுப்பகல் நிழல் வடக்கே விழும்; எனவே படமெடுத்தவர் வடக்கே நின்று தெற்கே பார்க்கிறார்; ஆகவே மலை தெற்கே இருக்கிறது; காட்பாடியிலிருந்து பாலாற்றுக்கு அப்பால் தெற்கே தெரிவது வேலூர்க் குன்றுகளே என்பது அவருடைய சித்தாந்தம். கேட்பதற்கு அழகான தர்க்கம். சீமையில் எழுதப்பட்ட புத்தகங்களைப் பார்த்துச் செய்த தர்க்கம் என்பதுதான் அதிலுள்ள தோஷம். கடகரேகைக்குத் தெற்கே வாழும் நமக்குச் சூரியன் வருஷம் முழுவதும் தென்புறத்திலேயே நிற்பதில்லை. சேலத்தின் அட்சரேகையில், சித்திரை இரண்டாவது வாரம் முதல் ஆவணி முதல் வாரம் வரையில், உச்சிப்போதில் அவன் தலைக்கு வடக்கே இருக்கிறான். அந்த நாட்களில் நிழல் தெற்கேதான் விழும். கத்திரி வெயிலில் மேடையில் நின்று வேகன் நம்பர் எழுதிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. படம் அந்த மாதங்களில் எடுக்கப்பட்டதானால் எல்லாம் தலைகீழாகிவிடும்: படமெடுத்தவர் தெற்கே நிற்கிறார், மலை வடக்கே இருக்கிறது. சூரமங்கலத்தில் நின்று வடக்கிலும் வடகிழக்கிலும் பார்த்தால் தெரிவது என்ன என்பதைச் சேலத்துக்காரர்களே சொல்லட்டும். போத்தனூரில் மலை மேற்கே இருப்பதால், உச்சிவேளை நிழல் அதற்கு இரண்டு விதத்திலும் சரியாக அமையவில்லை.

ஆகவே, வருஷத்தில் எந்தப் பருவம் என்பது ஒன்று தெரிந்தால் எந்த ஊர் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பருவத்தைச் சொல்லக்கூடிய வஸ்து படத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது அந்த வைக்கோல் மூடிய கூடைகள். அவற்றுக்குள் இருப்பது மாம்பழமானால், மாசம் வைகாசி, ஆனி என்று கொள்ளலாம். நிழல் தெற்கே விழுந்ததாகும். மலை வடக்கே போகும். சேலத்தின் கட்சி பலப்படும். வெற்றிலையோ காய்கறியோ ஆனால் இந்த அனுமானம் முழுவதும் சரிந்துவிடும். கூடையின் பருமனைப் பார்த்து, அதை இரண்டு பேர் தூக்குகிறார்களா ஒருவர் தலையில் வைத்திருக்கிறாரா என்பதைப் பார்த்து, வைக்கோலை எப்படிச் செருகியிருக்கிறார்கள், கயிற்றை எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, உள்ளே என்ன சரக்கு என்று சொல்லும் வித்தை என்னிடம் இல்லை. பார்சல் ஆபீசிலும் கூட்ஸ் ஷெட்டிலும் முப்பது வருஷம் ரசீது எழுதியவர்களிடம் இருக்கிறது.

வெள்ளைக் குவியலும் அப்படியே. அது சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டிய மேக்னசைட் கல்லாக இருக்கலாம். அந்தக் கல்லின் பெயரையே வைத்து ஒரு ஜங்ஷன் இருக்கும் ஊர் அது என்பதை நீங்கள் அறிவீர்கள். அல்லது உப்பாக இருக்கலாம். உப்பானால் போத்தனூர் மீண்டும் உயிர் பெற்று எழுகிறது, ஏனெனில் தூத்துக்குடி உப்பு மீட்டர் பாதையில் திண்டுக்கல், பொள்ளாச்சி வழியாக வந்து, போத்தனூரில் பிராட் கேஜுக்கு மாறி மலையாளத்துக்குப் போவது இயல்பான மார்க்கம். என் கண்ணுக்கு இரண்டும் வெள்ளை. கல் சரிந்து கிடக்கும் விதம் வேறு, உப்பு சரிந்து கிடக்கும் விதம் வேறு என்பதை, இரண்டையும் மண்வெட்டியால் அள்ளியவரோ அள்ளுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவரோதான் சொல்லமுடியும்.

என் மனம் சேலத்தின் பக்கம் சாய்கிறது. சாய்கிற மனம் தீர்ப்பாகாது.

‘இது எங்கள் காலத்துக்கு முந்திய படம், நாங்கள் எப்படிச் சொல்வது’ என்று ஓர் ஆட்சேபத்தை நீங்கள் கிளப்பலாம். 1940களில் சேர்ந்தவர்கள் இன்று நம்மோடு இருப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் உங்களைக் கேட்பது மனிதர்களைப் பற்றியன்று, மேடையைப் பற்றி. எஞ்சின்கள் மாறின, சீருடை மாறியது, வேகனின் மீது எழுதும் எழுத்து மாறியது. சரக்கு மாற்றும் மேடைகளோ, இரு கேஜும் இருந்த வரையில், இருந்த இடத்திலேயே இருந்தன. 1992இல் எல்லாப் பாதைகளையும் ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கியபின்தான் அவை ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போயின. போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதையில் அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்கியது 2017இல்தானே! ஆகவே 1970களிலும் 1980களிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நடந்ததும், படத்திலுள்ள கறுப்புக் கோட்டுக்காரர் நடந்ததும், அதே கருங்கல் விளிம்பின் மேலாக இருக்கக்கூடும். உங்கள் தலைமுறைக்கு அடுத்து வந்தவர்களுக்கு இந்த மேடை என்றால் என்னவென்றே தெரியாது. முழு ரேக்காக ஏற்றி முழு ரேக்காக இறக்கும் முறை வந்து, சில்லறைச் சரக்கு லாரிக்குப் போனபின், யார்டில் வேகனைப் பிரித்துச் சேர்க்கும் வேலையே பெரும்பாலும் இல்லாமல் போயிற்று. மேடை இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருப்பதைச் சில ஊர்களில் பார்த்தேன்.

மலை மாறாதிருக்குமே, அதைக் கொண்டு கண்டுபிடித்துக்கொள்ளலாமே என்று சொல்லும் நண்பர்கள் நம் நாட்டுக் கல்குவாரிகளைப் பார்த்ததில்லை போலும். படத்தில் அந்த மலையின் நடுவே காணும் பள்ளம் இயற்கையில் அமைந்ததா, அல்லது அன்றைக்கே வெட்ட ஆரம்பித்ததா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமாகியிருக்குமோ, அல்லது அதன் இரு பக்கமும் மறைந்து முழுவதும் பள்ளமாகவே ஆகிவிட்டதோ, யார் கண்டது? இளமையில் அந்த மலையைத் தினந்தோறும் பார்த்த கண்கள் உங்களுடையவை. உங்கள் ஞாபகத்தில் இருக்கும் மலை, இன்றைக்குக் கண்முன்னே இருக்கும் மலையைவிட நம்பத்தக்கது.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது இது. படத்தைப் பார்த்து நீங்கள் குறித்துக்கொண்ட ஊரின் பெயரை இந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதத்தில் எழுதுங்கள். எழுதும்போது ஊரைச் சொல்வதோடு நில்லாமல், படத்தில் எதைக் கண்டு அந்த ஊர் என்று முடிவு செய்தீர்கள் என்பதையும், எந்த வருஷங்களில் என்ன உத்தியோகத்தில் அங்கே இருந்தீர்கள் என்பதையும், தண்ணீர்க் கம்பம் மேடைக்கு எந்தத் திசையில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அனுப்புவதற்கு முன்னால் சங்கத்திலே நாலு பேரோடு கலந்து பேசி ஏகமனதான அபிப்பிராயம் ஒன்றைத் தயாரிக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஏகமனது பஞ்சப்படி கேட்பதற்கு உதவும், சாட்சியத்துக்கு உதவாது. பத்துப் பேர் தனித்தனியாக எழுதி அதில் ஏழு பேர் ஒரே ஊரைச் சொன்னால் எனக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறில்லை. எட்டு பேர் எட்டு ஊரைச் சொன்னாலும், ஒவ்வொருவரும் காட்டும் காரணத்தைக் கொண்டு உண்மைக்குக் கொஞ்சம் அருகில் போகலாம். ‘இது எங்கள் யார்டு இல்லவே இல்லை’ என்று மறுத்து எழுதும் கடிதமும் எனக்கு வேண்டும். ஓர் ஊரை விலக்குவதும் லாபமே.

உங்கள் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ் என்ற புத்தகமும் அதனோடு இணைத்த யார்டு வரைபடமும் இருந்ததையும், புதியது வந்தவுடன் பழையதைக் கழித்துவிடும் வழக்கம் இருந்ததையும் நான் அறிவேன். கழித்ததைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தவர் உங்களில் யாரேனும் இருப்பீர்களானால், அதை எவரும் குற்றமாகக் கருதப்போவதில்லை. அது பேப்பர் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் புகைப்படங்களின் முதுகில், பந்துமுனைப் பேனாவின் மசி முன்பக்கத்துக்கு ஊறிவிடுமாதலால் மெதுவான பென்சிலைக் கொண்டு, ஊரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். ‘கூட்ஸ் யார்டு’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

கடைசியாக, படத்தில் கூடை சுமப்பவர்களைப் பற்றி. மேடையில் சரக்கு மாற்றியவர்களில் பெரும்பாலோர் ரயில்வே சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். காண்ட்ராக்டரின் ஆட்களாக, அன்றன்றைக் கூலிக்கு வந்தவர்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை; சங்கம் இல்லை; இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்குப் போவதும் இல்லை. ஆனால் யார்டைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் அவர்களுடைய மக்களும் பேரன்மாரும் இன்னமும் குடியிருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பலரை உங்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் என்பதும் நிச்சயம். உங்கள் கால் இடம் கொடுத்தால் ஒரு சாயங்காலம் இந்தப் படத்தை அங்கே எடுத்துக்கொண்டு போங்கள். வயதான பெண்களிடம் முதலில் காட்டுங்கள். சும்மாடு கட்டிக்கொண்டு கோபமாகப் பார்க்கும் அந்த அம்மாள் யார் என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால், ஊருக்கும் முன்னால் அதை எழுதி அனுப்புங்கள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஒரு வாசகன்